வீட்டுக் கணினியில் கருப்புத் திரை: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். "பையன் கருப்புத் திரையைத் திறந்து ஏதோ அடிக்கிறான், ஹேக்கிங் சொல்லிக்கொடுக்கிறீர்களா சார்?" என்று இந்த வாரம் மூன்று பேர் போனில் கேட்டுவிட்டீர்கள். இல்லை. பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்களுக்கு நாங்கள் கொடுத்த வீட்டுப்பாடம் அது: வீட்டுக் கணினி எங்கே கரண்டை வீணாக்குகிறது என்று அந்தத் திரையில் கட்டளை அடித்துப் பார்த்து, அறிக்கை எடுக்க வேண்டும்.

தவறு எங்கள் பக்கம்தான் தொடங்கியது. போன மாதம் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குப் பூட்டிய ஆய்வகத்தைத் திங்கள் காலை 9 மணிக்குத் திறந்தால், 20 கணினிகளும் ஓடிக்கொண்டிருந்தன; திரை முழுக்க மீன்கள் நீந்தின. கணினி சும்மா இருக்கும்போது திரையில் ஓடும் இந்த ஸ்கிரீன் சேவரால் கரண்ட் மிச்சம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்; அப்படியில்லை. பழைய குண்டுத் திரைகளில் ஒரே படம் நின்று தடம் விழுந்துவிடாமல் இருக்க வந்தது அது. இயற்பியல் ஆசிரியர் வாட் மீட்டரை மாட்டிப் பார்த்தார். சும்மா இருக்கும் கணினியும் திரையும் சேர்ந்து 55 வாட். 65 மணி நேரத்துக்கு, 20 கணினிக்கு, 71.5 யூனிட்! ஸ்லீப்பில், அதாவது அணைக்காமல் தூங்கும் நிலையில், போட்டால் கணினிக்கு 3 வாட்தான்.

ஏன் தானாகத் தூங்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தது மாணவர்கள். விண்டோஸுக்குள்ளேயே பவர்சிஎஃப்ஜி என்றொரு கருவி உண்டு. அதில் 'எனர்ஜி' கட்டளையைக் கொடுத்தால் 60 வினாடி கணினியைக் கவனித்து, எங்கே வீணாகிறது என்று அறிக்கை தரும். 'ரிக்வெஸ்ட்ஸ்' கட்டளை, கணினியைத் தூங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கும் நிரலைக் காட்டும். எங்கள் ஆய்வகத்தில் ஸ்லீப் நேரத்தை யாரோ 'ஒருபோதும் வேண்டாம்' என்று வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு பவர்டாப் என்ற கருவி இருக்கிறது. இன்டெல் 2007-இல் வெளியிட்டது. எந்த நிரல் வினாடிக்கு எத்தனை முறை பிராசசரை எழுப்புகிறது என்று சொல்லும். ஆனால் இவையெல்லாம் கரண்ட் திருடன் யார் என்று மட்டும்தான் காட்டும். மேசைக் கணினியில் எவ்வளவு திருடினான் என்பதற்கு மீட்டர்தான் வேண்டும்.

இந்தக் கட்டளைகளுக்கு அட்மின் (கணினி நிர்வாகி) கடவுச்சொல் கேட்கும். பிள்ளையிடம் சொல்லிவிடாமல், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே அடியுங்கள். 10 நிமிடத்தில் திரை அணையவும், 20 நிமிடத்தில் கணினி தூங்கவும் பிள்ளை அமைக்கட்டும். வீட்டில் யாராவது இரவில் பெரிய ஃபைல் இறக்குபவராக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் காலையில் சண்டை வரும். 'கரண்ட் மிச்சம் செய்யும்' என்று இணையத்தில் விளம்பரமாகும் இலவச மென்பொருள் எதையும் இறக்க வேண்டாம். தேவையானது கணினியிலேயே இருக்கிறது.

அறிக்கையை வரும் வெள்ளிக்குள் கொண்டுவந்தால் போதும். வீட்டில் கணினி இல்லாதவர்கள் மாலை 5 மணிவரை ஆய்வகத்திலேயே செய்யலாம். இதற்காக யாரிடமும் இரவல் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்