உள்ளங்காலையும் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தோல் புற்றுநோயை நாமே எப்படிக் கண்டுபிடிப்பது என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவசியமான விஷயம். ஆனால் அதோடு போட்டிருந்த படங்கள் எல்லாமே வெள்ளைக்காரர்களுடையவை. சிவந்த முதுகு, அதில் ஒரு கறுப்பு மச்சம். எங்கள் வியாசர்பாடியில் அதைப் பார்க்கிறவர்கள், இது நமக்கு வராத நோய் என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் தோலுக்கு இந்த நோய் குறைவு என்பது உண்மைதான். ஆனால் மெலனோமா என்கிற மோசமான வகை நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு வரும்போது, பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் வருகிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. என் பேரன் பனியனில் படம் போட்டுக்கொண்டு திரிகிற ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு வந்தது கால் பெருவிரல் நகத்துக்கு அடியில். 1977-இல் கண்டுபிடித்தார்கள். 1981-இல், 36 வயதில் இறந்துபோனார்.

நான் தொழுநோய்த் திட்டத்தில் வீடு வீடாகப் போய்ப் பரிசோதித்தவன். வாசலில் நல்ல வெளிச்சத்தில் ஆளை நிறுத்தி, சட்டையைக் கழற்றச் சொல்லி, முன்னும் பின்னும் பார்ப்போம். தேமல் இருந்தால் கண்ணை மூடச் சொல்லி, பால்பாயின்ட் பேனா முனையால் லேசாகத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வோம். உணர்ச்சியில்லாத தேமலைக் காட்டுங்கள் என்று சுவரெல்லாம் எழுதிப் போட்டோம். சில வருடங்களில், பள்ளிக்கூடம் பக்கமே போகாத பாட்டிகள் பேரப்பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து, "சார், இந்த இடத்துல தொட்டா தெரியலைங்கறான், பாருங்க" என்று காட்ட ஆரம்பித்தார்கள். அதனால், நம் ஜனங்களுக்கு இதெல்லாம் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

புளியந்தோப்பில் பூக்கட்டி விற்ற ஒரு அம்மாவைச் சொல்கிறேன். குதிகாலில் கறுப்பாக ஒரு புள்ளி. கால் ஆணி என்று நினைத்து மருந்துக்கடையில் பிளாஸ்டர் வாங்கி ஒட்டினார். போகவில்லை. பிளேடால் சீவினார், ரத்தம் வந்தது. கறுப்பு மெல்லப் பரவி, ஓரமெல்லாம் கடித்துவைத்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. ஒரு பக்கம் பழுப்பு, நடுவில் மைக்கறுப்பு. டாக்டர் முன்னால் காலைத் தூக்கிக் காட்டுவது மரியாதையா என்று கூச்சப்பட்டே நாளைக் கடத்தினார். தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். நெறி கட்டும் இடத்துக்கு நோய் ஏறிவிட்டது என்றார்கள். அவரைக் காப்பாற்ற முடியவில்லை. இந்த நோய் தோலுக்குள் 1 மில்லிமீட்டர் ஆழம்கூடப் போகாதபோது வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பதை நினைக்கும்போது இன்றும் மனசு ஆறவில்லை.

மச்சத்தில் மட்டும் வருவதும் இல்லை. ஸ்டவ் வெடித்து வெந்துபோன பழைய தழும்பில், வருடக்கணக்காக ஆறாத கால் புண்ணில், செதில் செல் புற்றுநோய் என்கிற வகை வரும். தொழுநோயால் மரத்துப்போன உள்ளங்கால் புண்ணிலும் வரும். வலி தெரியாததால் சதை வளர்ந்து நாற்றம் எடுத்த பிறகே வருவார்கள். பெண்களுக்குப் பாவாடை நாடா இறுகி இறுகி இடுப்பில் கறுத்துப்போன இடத்திலும் அபூர்வமாக வந்திருக்கிறது. அது கூடுதல் கஷ்டம், ஏனென்றால் அந்த இடத்தை அவர்கள் யாரிடமும் காட்டுவதில்லை. நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கள், அகலப் பட்டையாகத் தைத்துக்கொள்ளுங்கள். எந்த இடமானாலும் ஒரு மாதம் ஆகியும் புண் ஆறவில்லை என்றால் காட்டிவிடுங்கள்.

பார்ப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். மாதம் ஒரு நாள் குளித்துவிட்டு வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை வைத்து உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்த்தால் போதும். நகப்பூச்சை அழித்துவிட்டுப் பாருங்கள், மருதாணி வைப்பதற்கு முன்னால் பாருங்கள். நகத்தில் கறுப்புக் கோடு நம்மில் பலருக்கும் சாதாரணமாகவே உண்டு, பயப்பட வேண்டாம். ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்து, அகலமாகிக்கொண்டே போய், நகத்தை ஒட்டிய தோலிலும் கறுப்பு ஏறினால்தான் கவலை. அடிபட்ட ரத்தக்கட்டு நகம் வளர வளர முன்னால் நகர்ந்து போய்விடும், இது அப்படிப் போகாது. முதுகையும் உச்சந்தலையையும் நாமே பார்க்க முடியாது. எண்ணெய் தேய்த்துவிடுகிற, பேன் பார்க்கிற கைகளிடம் சொல்லிவையுங்கள். முடிதிருத்துபவரிடமும் சொல்லலாம்.

இன்னொன்று. மச்சத்தில் ராசி பார்க்கிறோம், உருவம் மாறுகிறதா என்று பார்ப்பதில்லை. பிடிக்காவிட்டால் சுண்ணாம்பு வைக்கிறோம், குதிரை முடி கட்டுகிறோம், பார்லரில் சுடுகிறோம். மாறிக்கொண்டிருக்கிற மச்சத்தை இப்படிச் செய்தால், அது என்ன என்று பரிசோதிக்கக்கூட ஒன்றும் மிஞ்சாது. தயவுசெய்து தோல் டாக்டரிடம் காட்டாமல் கை வைக்காதீர்கள்.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரையும் பிரஷரும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். வந்தவர்கள் அப்படியே செருப்பைக் கழற்றச் சொல்லி இரண்டு உள்ளங்காலையும் ஒரு பார்வை பார்த்தால் சர்க்கரைப் புண்ணும் தெரியும், இதுவும் தெரியும். சுகாதாரத் துறை இதை யோசிக்க வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நம் நிறத்து உள்ளங்காலில் மெலனோமா எப்படி இருக்கும் என்று ஒரு படமும், பக்கத்திலேயே கால் ஆணியின் படமும் பெரிதாகப் போடுங்கள். கத்தரித்து எங்கள் பகுதி மருந்துக்கடைகளில் ஒட்டச் சொல்லும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழுநோய்க் களப்பணியாளர்,
வியாசர்பாடி, சென்னை.