விவரம் அறியாதவர்களா நாங்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான உணவு அறிவியல் கட்டுரை, மரபணு மாற்றப் பயிர்களைக் குறித்துக் கேள்வி எழுப்புவோரை "விவரம் அறியாமல் அஞ்சுபவர்கள்" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. கட்டுரையாளர் அவ்வாறு கருதலாம். ஆனால், நெடுங்காலமாகத் தங்கள் இதழை ஒரு பக்கம் விடாமல் படித்துவரும் எங்களைப் பற்றிய அவ்வரி, தங்கள் பார்வையைக் கடந்து அச்சேறியதே என்பதுதான் என் வருத்தம்.

விவரம் கேட்காமல் நாங்கள் இருக்கவில்லை. நான் வாங்கும் சமையல் எண்ணெய் மரபணு மாற்றிய வித்திலிருந்து எடுத்ததா என்று அதன் தயாரிப்பாளருக்கு எழுதினேன். தங்கள் பொருள் எல்லாச் சட்ட விதிகளுக்கும் உட்பட்டது என்று பதில் வந்ததே தவிர, ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் அதில் இல்லை. மறுபடி எழுதியதற்குப் பதிலே வரவில்லை. மரபணு மாற்றிய வித்திலிருந்து எடுத்த எண்ணெய் என்றால், இறுதிப் பொருளில் அந்த மரபணு தென்படாவிட்டாலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். அமெரிக்காவில், சுத்திகரித்த எண்ணெயில் அது தென்படாவிட்டால் அச்சிட வேண்டியதில்லை. எண்ணெய் ஒன்றுதான், ஓரிடத்தில் வாங்குபவருக்குத் தெரிகிறது, மற்றோரிடத்தில் தெரிவதில்லை. இதில் அறியாமை யாருடையது?

விதையோடு மட்டும் இது நிற்பதில்லை. களைக்கொல்லியைத் தாங்குமாறு மரபணு மாற்றிய சோயா 1996இல் வயலுக்கு வந்தபோது, பயிர் நிற்கும்போதே கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தெளிக்க வழி பிறந்தது. காலப்போக்கில் களைகளும் அதைத் தாங்கப் பழகிவிட, அதனுடன் வேறு களைக்கொல்லிகளும் சேர்ந்தன. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, கிளைபோசேட் மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என வகைப்படுத்தியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டில் மாறுபட்ட முடிவுக்கு வந்ததையும் அறிவேன். அறிஞர்களே ஒத்துப்போகாத ஒன்றில், உண்பவர் மட்டும் ஐயமின்றி இருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று கட்டுரையாளர் ஆறுதல் சொல்கிறார். சிவப்பு எண் 3 என்னும் நிறமி எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால், 1990இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை அழகுப் பொருள்களில் தடைசெய்தது. உணவுக்கான அனுமதியை விலக்கிக்கொண்டது 2025 ஜனவரியில். உதட்டில் பூசக் கூடாதென்று விலக்கியதை, முப்பத்தைந்து ஆண்டுகள் குழந்தைகளின் மிட்டாயில் அனுமதித்திருந்தார்கள். இதையெல்லாம் தாங்கள் அறியாதவர் அல்லர். அதனால்தான் அந்த வரி இன்னும் உறுத்துகிறது.

நான் வேண்டுவது பெரிதன்று. பொட்டலங்களின் பின்புறம் பொடி எழுத்தில் உள்ள சேர்மானங்களையும் எண்களையும் எப்படிப் படிப்பது, எவற்றைச் சொல்லாமல் விடச் சட்டம் இடந்தருகிறது என்பதை விளக்கி, அடுத்த இதழில் கால் பக்கமாவது ஒதுக்குங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகர்