படம் எடுப்பதும் எடுத்துக்கொண்டு போவதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் நியூயோர்க் பிரிக் கலை நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1920இல் ஹெலன் பிரிக் அம்மையார் தொடங்கியது, 1922 முதல் படப்பிடிப்பாளர்களை ஊர் ஊராக அனுப்பி வீடுகளில் இருந்த உருவ ஓவியங்களைப் பதிவு செய்தது, எல்லாம் சரி. கடைசியில் எதற்கு அந்த வரி? "நம் லயத்துச் சுவர்களில் பதிவு செய்ய என்ன இருக்கிறது?" கட்டுரையாளர் எத்தனை லயக்காம்பிராவுக்குள், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை அறைகளுக்குள், குனிந்து நுழைந்திருக்கிறார்?

எங்கள் சுவரில் தாத்தா இருந்தார். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்த காலத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி, வர்ணம் தீட்டி வாங்கியது. தாத்தா ஒருநாளும் போட்டிராத நீலக் கோட்டு ஒன்றை ஸ்டுடியோக்காரர் தூரிகையாலேயே மாட்டிவிட்டிருந்தார். பின் அட்டையில் அப்பா ஊதா மையில் பெயர், பிறந்த ஆண்டு, தோட்டம், டிவிசன் எல்லாம் எழுதியிருந்தார்.

2023இல் எங்கள் ஆட்கள் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்து இருநூறு வருடம், மலையகம் 200 என்று ஊரெல்லாம் விழா நடந்ததே, அப்போது கண்காட்சிக்கென்று இரண்டு பிள்ளைகள் வந்து கேட்டார்கள். பிளேன்டீ கொடுத்து, பேப்பரில் சுற்றி நானேதான் கொடுத்தேன். கண்காட்சியில் போய்ப் பார்த்தால் கீழே "ஒரு கங்காணி" என்று எழுதியிருக்கிறது! முப்பது வருடம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர், வேலை வாங்கும் கங்காணியோடு சாகும்வரை சண்டை போட்டவர். செத்த பிறகாவது பதவி உயர்வு கிடைத்ததே, நன்றி. படம் ஐந்து மாதம் கழித்து வந்தது. கண்ணாடியில் விரிசல், அது போகட்டும். பழைய அட்டையைக் காணோம், புது அட்டை அடித்திருந்தார்கள்.

இது இன்று நேற்றுப் பழக்கமா? 1879இல் இறந்த ஆங்கிலப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கெமரன் அம்மையாரின் கல்லறை எங்கள் ஊர் சென்ட் மேரிஸ் தேவாலயத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இங்கிலாந்தில் அவர் படமெடுத்த கவிஞர் டெனிசனுக்கும் விஞ்ஞானி டார்வினுக்கும் பெயர் உண்டு. இங்கே இலங்கையில் அவர் படத்தில் நின்றவர்களுக்குக் "களுத்துறைக் குடியானவர்கள்" என்பதே பெயர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்திலும் எங்களை இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம் என்று எண்ணத்தான் தெரிந்தது. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிப்போன ரயிலான ஒப்பாரிக் கோச்சி ஏறுவதற்கு முந்தின வாரம் பெரியம்மா குடும்பம் எங்களோடு நின்று எடுத்த படம் தகரப் பெட்டியில் இருக்கிறது. இனி யார் கேட்டாலும் அது வாசலைத் தாண்டாது.

வீட்டுக்கு வாருங்கள், எடுங்கள். கண்ணாடியைக் கழற்றி வாசல் வெளிச்சத்தில் வைத்தால் போனிலேயே நன்றாக விழும். பக்கத்தில் ஒரு அடிமட்டம் வையுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். யார் என்று எங்களிடம் கேட்டு எழுதுங்கள், பிளேன்டீ இப்போதும் உண்டு. எடுத்துக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.

அந்தக் கடைசி வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இடமிருந்தால், ஊதா மையில் எழுதிய பழைய அட்டை யாரிடமாவது கிடந்தால் அனுப்பச் சொல்லி இரண்டு வரி. தபால் செலவை நானே கொடுக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
பொகவந்தலாவை