அடுத்த சீசனுக்குள் நம் ஆடுகளத்துக்கு ஒரு கூரை

அன்புள்ள முன்னாள் மாணவர்களுக்கும், பெற்றோர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், அணியின் எல்லா நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணி பயிற்சி செய்யும் திறந்தவெளி ஆடுகளத்துக்குக் கூரை போட வேண்டும். தரையையும் புதிதாகப் போட வேண்டும். அதற்காக உங்களிடம் நன்கொடை கேட்டு இதை எழுதுகிறோம். அடுத்த சீசனுக்கான பயிற்சி தொடங்கும்போது பையன்கள் அந்தக் கூரைக்கு அடியில் நிற்க வேண்டும். அதற்குமேல் தள்ளிப்போட மனமில்லை.

போன சீசனைக் கூடவே இருந்து பார்த்தவர்களுக்கு இந்த அவசரம் புரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறோம்.

திறமையில் குறைந்த அணி இல்லை இது. ரிங்கின் அடியில் இடம் பிடித்து நிற்கத் தெரிந்த சென்டர் இருக்கிறார். நெருக்கடியிலும் பதறாமல் பந்தைக் கொண்டுபோகிற பாயிண்ட் கார்ட் இருக்கிறார். டிஃபென்ஸில் ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டே ஆடுவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே இது நன்றாகப் பழகிய அணி என்று தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பழக்கம் வருவதற்கே பாதி சீசன் ஆகிவிட்டது. அணித் தேர்வு முடிந்து பன்னிரண்டு பேர் யார் யார் என்று முடிவானதும், முதல் ஆட்டத்துக்கு முன்னால் சில வாரங்கள் கிடைக்கும். யாருக்கு எந்தப் பக்கம் பாஸ் கொடுத்தால் வசதி, எதிரணி வீரரை மறித்து ஸ்கிரீன் வைத்தவர் எந்தப் பக்கம் திரும்பி ஓடுவார், ஷாட் தவறித் திரும்பும் பந்தை (ரீபவுண்டு) எடுக்க யார் உள்ளே போவது, யார் பின்னால் நிற்பது என்பதெல்லாம் உடம்பில் ஏறுவது அந்த வாரங்களில்தான். போன சீசனில் அந்த வாரங்கள் முழுக்க மழை.

ஆடுகளத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். பையன்களே துடைப்பத்தால் தள்ளி ஓரம் கட்டுவார்கள். வார்ம் அப் முடிவதற்குள் மறுபடி தூறல் பிடிக்கும். நனைந்த பந்து கையில் நிற்காது, ஈரத் தரையில் கால் நிற்காது. கோச் வேறு வழியில்லாமல் அவர்களை வகுப்பறைக்கு அழைத்துப்போய், கரும்பலகையில் கட்டமும் வட்டமும் போட்டு நகர்வுகளை விளக்கினார். மாடிப்படிகளில் ஏறி இறங்க வைத்தார். மூச்சு வலுத்தது, தொடை வலுத்தது, சரி. ஷாட் மட்டும் எப்படி வரும்? அது போட்டுப் போட்டுத்தான் வரவேண்டும்.

சீசனின் ஆரம்ப ஆட்டங்கள் எல்லாம் வேறு இடங்களுக்குப் போய் ஆடியவை, எல்லாமே உள்ளரங்கில். திறந்தவெளியில் பழகியவர் காற்றுக்கு ஏற்ற மாதிரி தன்னையறியாமல் பந்தின் வளைவைக் குறைத்துக்கொள்வார். பந்து தாழ்வாக வரவர, அதன் பார்வையில் வளையத்தின் வாய் சுருங்கிக்கொண்டே போகும். வளையத்தின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர்தான், பந்தே கிட்டத்தட்ட 24 சென்டிமீட்டர். 6.75 மீட்டர் தள்ளியிருக்கும் மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து தட்டையாக வரும் பந்து முன்விளிம்பில் பட்டுத் திரும்பாமல் என்ன செய்யும்? அப்படித்தான் திரும்பியது. அப்புறம் ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் தவறுக்காக நமக்குக் கிடைக்கும் ஷாட். ஆட்டத்தில் யாருமே மறிக்காத ஷாட் அது ஒன்றுதான். 4.60 மீட்டர் தூரத்தில் வளையம் மாட்டிய போர்டு, கையில் பந்து, அவ்வளவுதான். அதில் துணைக்கு வருவது பழக்கம் மட்டுமே. கடைசி குவார்ட்டரில் எதிரணியின் டீம் ஃபவுல்கள் (அணி மொத்தமாகச் செய்த தவறுகள்) ஐந்தை எட்டியதிலிருந்து நம் பையன்களுக்கு இரண்டிரண்டாகக் கிடைத்த ஃப்ரீ த்ரோக்களில் எத்தனை வீணானது என்பதை அன்று அரங்கில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பல ஆட்டங்கள் ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் போயின.

அதன்பிறகு மழை நின்றது. தினமும் தடையில்லாமல் பயிற்சி நடந்தது. சீசனின் முதல் பாதியில் நம்மைத் தோற்கடித்த அணிகளை, இரண்டாம் பாதியில் இதே பையன்கள், இதே கோச்சின் கீழ், வரிசையாக வென்றார்கள். பட்டியலில் மேலே வந்தபோது நாக்அவுட் சுற்றுக்கு ஒரே ஒரு இடம் கீழே நின்றோம். பயிற்சி முழுமையாகக் கிடைத்த அணியையும் கிடைக்காத அணியையும் ஒரே சீசனில் நாங்கள் பார்த்துவிட்டோம். இந்த வேண்டுகோளுக்கு இதைவிட வலுவான காரணம் எங்களிடம் இல்லை.

காயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூடைப்பந்தில் மிக அதிகமாக ஏற்படும் காயம் கணுக்கால் சுளுக்கு. ஒருமுறை நன்றாகச் சுளுக்கிய கணுக்கால் மறுபடியும் சுளுக்கும் வாய்ப்பு அதிகம். நம் தரையில் இப்போது வெடிப்புகள் ஓடியிருக்கின்றன. சில இடங்களில் மேல்பூச்சு பெயர்ந்து, குழியில் பாசி பிடித்திருக்கிறது. ரீபவுண்டுக்கு எம்பிக் குதித்த ஒரு மூத்த வீரர் அப்படி ஒரு குழியின் விளிம்பில் ஒற்றைக் காலில் இறங்கினார். கல்லூரியில் அவருக்கு அதுதான் கடைசி ஆண்டு. சீசனின் பெரும்பகுதியை பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக் கழித்தார். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. அவர் இழந்த சீசனை யாராலும் திருப்பித் தர முடியாது. இன்னொருவருக்கு அது நடக்காமல் பார்த்துக்கொள்ள முடியும். குழி இல்லாத தரையும், வெறும் சிமென்டின் கடினத்தைக் கொஞ்சம் தணிக்கும் ஒரு அடுக்கும் இருந்தால், தினமும் குதித்துக் குதித்துத் தேயும் முழங்கால்களுக்கும் அது ஆறுதல்.

இந்த விளையாட்டு பிறந்ததே கூரைக்கு அடியில்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்துக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டது. குளிர்காலத்தில் வெளியே போய் விளையாட முடியாமல் உள்ளே அடைந்து கிடந்து பொறுமையிழந்த மாணவர்களுக்கு, உள்ளேயே ஆடக்கூடிய ஒரு விளையாட்டை உருவாக்க வேண்டும். அவர் பீச் பழக் கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்து மாடத்தின் கைப்பிடியில் அடித்து மாட்டினார். பதின்மூன்று விதிகள் எழுதினார். வகுப்பில் இருந்த பதினெட்டுப் பேரை ஒன்பது ஒன்பதாகப் பிரித்து ஆடவிட்டார். அந்த மாடத்தின் உயரம் பத்து அடி. இன்றும் உலகம் முழுக்க வளையம் அதே பத்தடி உயரத்தில், அதாவது 3.05 மீட்டரில்தான் இருக்கிறது. வானிலை ஆட்டத்தைக் கெடுக்கக்கூடாது என்பதற்காகவே உருவான ஆட்டம் இது.

கெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் சாட்சி இருக்கிறது. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸில் ஆண்கள் கூடைப்பந்து முதல்முறையாகப் பதக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. போட்டிகளை களிமண்ணும் மணலும் கலந்த டென்னிஸ் களங்களில், திறந்தவெளியில் நடத்தினார்கள். இறுதியாட்டத்தின்போது பலத்த மழை. களம் சேறானது. தட்டினால் பந்து எழும்பவே இல்லை, அதனால் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடும் ட்ரிப்ளிங் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. அமெரிக்கா கனடாவை வென்ற ஸ்கோர் 19–8. உலகின் மிகச் சிறந்த இரண்டு அணிகள் மோதிய ஆட்டத்தில் இரண்டும் சேர்ந்து எடுத்தது 27 புள்ளிகள்! தங்கள் திறமையைக் காட்ட அந்த வீரர்களுக்கு ஒரு தரை கிடைக்கவில்லை. நம் பையன்களின் மழைக்காலப் பயிற்சியைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்த ஆட்டம்தான் நினைவுக்கு வருகிறது.

இனி, என்ன செய்யப் போகிறோம் என்பது.

சர்வதேச விதிப்படி ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். அதைச் சுற்றி நாலாபுறமும் குறைந்தது 2 மீட்டர் தடையில்லாத இடம் வேண்டும். ஆக 32-க்கு 19 மீட்டர் பரப்பில் ஒரு தூணும் வரக்கூடாது. தலைக்குமேல் குறைந்தது 7 மீட்டர் உயரத்துக்கு எதுவும் குறுக்கே இருக்கக்கூடாது. பக்கங்கள் திறந்தே இருக்கும் என்பதால், சாரல் உள்ளே அடிக்காதபடி கூரையை இந்த அளவையும் தாண்டி வெளியே நீட்ட வேண்டியிருக்கிறது. இரும்புத் தூண்கள், அவற்றின்மேல் வளைந்த இரும்புச் சட்டங்கள், அதன்மேல் தகடு, நடுநடுவே வெளிச்சம் வர ஒளி புகும் தகடுகள் என்று வடிவம் முடிவாகியிருக்கிறது. வரைபடத்தை முன்னாள் மாணவரான ஒரு கட்டடப் பொறியாளர் சம்பளம் வாங்காமல் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவருக்கு எங்கள் நன்றி.

தரைக்கு மரப்பலகை போடலாமே என்று சிலர் ஆசையோடு கேட்டார்கள். எங்களுக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் பக்கம் திறந்த கொட்டகையில் ஈரக் காற்று பட்டுப் பட்டு மரம் உப்பி வளைந்துவிடும். பராமரிக்க முடியாத ஒன்றை உங்கள் பணத்தில் வாங்குவது சரியல்ல. அதனால் தண்ணீர் தேங்காதபடி சமன் செய்த கான்கிரீட், அதன்மேல் ரப்பர் கலந்த மெத்தை அடுக்கு, அதன்மேல் அக்ரிலிக் பூச்சு என்று போகிறோம். அதோடு புது போர்டுகள், தூணில் மோதினால் அடிபடாமல் இருக்க மெத்தை உறை, மாலைப் பயிற்சிக்கு விளக்குகள்.

கூரை வந்துவிட்டால் இன்னொன்றும் கைகூடும்: ஷாட் கிளாக். இன்று சர்வதேச விதிப்படி பந்து கைக்கு வந்ததிலிருந்து 24 விநாடிக்குள் ஷாட் போட்டாக வேண்டும். பந்து ரிங்கில் பட்டு நம் கைக்கே திரும்பினால் 14 விநாடிதான். அந்தக் கடிகாரம் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கப் பழகாதவர்கள், ஆட்டத்தில் நான்கைந்து விநாடி மீதமிருக்கும்போது அவசரப்பட்டு எறிந்துவிடுகிறார்கள். இப்போது கோச் கைக்கடிகாரத்தைப் பார்த்து வாயால் எண்ணிக் கத்துகிறார். மழையில் நனையும் இடத்தில் மின்னணுக் கருவியை மாட்ட முடியாது என்பதால்தான் இத்தனை நாள் வாங்கவில்லை.

பணம் முழுதாகச் சேராவிட்டால் எது முதலில் என்றும் பேசி முடிவெடுத்திருக்கிறோம். முதலில் தரையும் வடிகாலும். அது காயத்தோடு சம்பந்தப்பட்டது, காத்திருக்க முடியாது. அடுத்து கூரை. விளக்கு, ஷாட் கிளாக் எல்லாம் அதற்குப் பிறகுதான். சேர்கிற பணத்துக்கு மேல் ஒரு வேலையையும் கடன் வாங்கித் தொடங்க மாட்டோம்.

உள்ளரங்கை வாடகைக்கு எடுத்தால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. ஒவ்வொரு சீசனும் வாடகை கொடுக்க வேண்டும், கிடைக்கும் நேரமோ வகுப்பு நேரத்தில் இருக்கும், போய்வரவே மாலை முடிந்துவிடும். படிப்பையும் விளையாட்டையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு போகும் பையன்களுக்கு அது கட்டுப்படியாகாது. அதைவிட முக்கியமான ஒன்று: கூரை ஆண்கள் அணிக்கு மட்டும் சொந்தமாக இருக்காது. பெண்கள் அணிக்கும் பயிற்சி நேரம் சமமாக ஒதுக்கப்படும். எந்த அணியிலும் இல்லாமல் சும்மா பந்து போட வருகிற மாணவர்களுக்கும் தனி நேரம் உண்டு. ஆண்கள் அணியின் பெயரில் கேட்கிறோம் என்றாலும், ஆடுகளம் எல்லோருடையதும்தான்.

நன்கொடைக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்கிறோம். அணியின் பயணச் செலவோ, சீருடைச் செலவோ அதிலிருந்து எடுக்கப்படாது. குழுவில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே போகும், அதில் ஒருவர் கட்டாயம் ஒரு வீரரின் பெற்றோராக இருப்பார். வேலையைக் கொடுப்பதற்கு முன் குறைந்தது மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்குவோம். வந்த விலைப்புள்ளிகளை ஒளிக்காமல் உங்களுக்கு அனுப்புவோம். சிறிதோ பெரிதோ, ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. வேலை முடிந்தபின் மீதியிருந்தால் அது தரைப் பராமரிப்புக்கு மட்டும் போகும்.

நன்கொடையாளர் பெயர்களை அகரவரிசையில் ஒரே அளவு எழுத்தில் ஒரே பலகையில் எழுதப் போகிறோம். தொகை எழுதப்படாது. மாணவராக இருக்கும்போதே தன் கைச்செலவில் மிச்சம் பிடித்துக் கொடுத்தவர் சிலர் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்கள் பெயர் பெரிய தொகை கொடுத்தவரின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதை நாங்கள் விரும்பவில்லை. பெயரே வேண்டாம் என்பவர்கள் சொன்னால் போதும்.

மொத்தமாகக் கொடுக்க முடியாதவர்கள் மாதாமாதம் தவணையாகக் கொடுக்கலாம். உங்கள் காலத்து அணியினர் சேர்ந்து ஒரு தூணையோ, ஒரு போர்டையோ ஏற்றுக்கொள்ளலாம். அப்படி ஓர் அணியினர் ஏற்கெனவே ஒரு போர்டுக்கு முழுப் பொறுப்பு எடுத்திருக்கிறார்கள். பணமாகத் தர இயலாதவர்களின் உழைப்பும் எங்களுக்குத் தேவை. வெல்டிங், மின்வேலை, பெயிண்டிங் தெரிந்தவர்கள், இரும்பும் சிமென்டும் அடக்க விலைக்கு வாங்கித் தரக்கூடியவர்கள், சீசனின்போது வாரத்துக்கு ஒருமுறையாவது வந்து வீரர்களின் கால்களைப் பார்க்கக்கூடிய பிசியோதெரபிஸ்ட்கள், யாராக இருந்தாலும் எங்களிடம் சொல்லுங்கள்.

இந்தக் கல்வியாண்டுத் தேர்வுகள் முடிந்து ஆடுகளம் காலியானதும் பழைய தரையை உடைக்கும் வேலையைத் தொடங்குவதாக உத்தேசம். அடுத்த மழைக்கு முன்னால் கூரை ஏறியாக வேண்டும் என்பதால், தரைக்கும் தூண்களுக்குமான தொகை தேர்வுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு விவரமும் வரைபடத்தின் நகலும் கல்லூரி உடற்கல்வித் துறை அலுவலகத்தில் கிடைக்கும். நேரில் வருகிறவர்கள் மாலைப் பயிற்சி நேரத்தில் வந்தால் தரையை நீங்களே பார்க்கலாம். கோச்சும் குழுவைச் சேர்ந்த யாராவது ஒருவரும் அங்கே கட்டாயம் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஆடுகளக் கூரைப் பணிக் குழு
முன்னாள் வீரர்கள், பெற்றோர்கள், ஆசிரியர்கள்