கதை 1962, தாளம் 1963

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாட்டுகளின் வழியே கதை சொல்லும் அமெரிக்க மியூசிக்கல் படங்களைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை, பழைய பாப் இசையிலிருந்து அவை எடுத்துக்கொள்வதை எல்லாம் 'காப்பி' என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டது. ஒரு காலத்தின் ஓசையை எடுப்பது வேறு, ஒருவருடைய வாழ்க்கையை எடுப்பது வேறு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தால் கணக்குத் தப்பும்.

முதலில் ஓசை. 'கிரீஸ்' (1978) படத்தின் பள்ளி நடனக் காட்சியில் ஒரு பாட்டின் வரிகளே கார்டுகளின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களின், பெயர்கள்தான்: சி, ஏ மைனர், எஃப், ஜி. 1950-களின் டூ-வாப் (பல குரல்கள் இணைந்து பாடும் பாப் வகை) பாடல்களில் எத்தனையோ இந்த நான்கு கார்டுகளின் மேல் கட்டப்பட்டவை. அது பொதுச் சொத்து. அதைக் காப்பி என்பது வெண்பாவில் எழுதியவரைக் காப்பியடித்தார் என்பதுபோல. அதே படத்தின் டைட்டில் பாட்டோ அசல் டிஸ்கோ. கதை நடப்பது 1958-59-இல்; பாரி கிப் எழுதிய பாட்டில் ஒலிப்பது 1978. பாடிய ஃபிராங்கி வாலி, 1962-இலேயே ஃபோர் சீசன்ஸ் குழுவோடு முதலிடம் பிடித்தவர். பழைய குரலுக்குப் புதிய தாளம் கொடுத்தது தெரிந்தே செய்த வேலை. படம் வந்த ஆண்டில் பாட்டு வானொலியில் ஓட வேண்டும் அல்லவா?

'ஹேர்ஸ்ப்ரே' (2007) இன்னும் நுட்பமானது. கதை 1962-இல் பால்டிமோரில் நடக்கிறது. முதல் பாட்டு தொடங்கும் டிரம்ஸைக் கவனியுங்கள்: நான்கு எண்ணும் தாளத்தில், முதல் எண்ணிக்கையிலும், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவிலும், மூன்றிலும் கனத்து ஒலிக்கும் பேஸ் டிரம், நான்கில் மட்டும் 'சடக்' என்று ஒலிக்கும் ஸ்நேர் டிரம். வழக்கமாக இரண்டிலும் விழும் ஸ்நேர் அடி இங்கே இல்லை. இது ரோனெட்ஸ் குழுவின் 'பீ மை பேபி' பாட்டுக்காக டிரம்ஸ் கலைஞர் ஹால் பிளெய்ன் வாசித்தது. அந்த இசைத்தட்டு வெளிவந்தது 1963-இல். தாளம் கதையை ஓராண்டு முந்திவிட்டது என்று குறை சொல்லலாம்தான். ஆனால் நான்கு அடிகளுக்குள் கேட்பவரை அந்தக் காலத்துக்குக் கொண்டுபோக அதைவிடக் குறுக்குவழி கிடையாது.

இப்படிப்பட்ட பாடல்கள் சில நேரம் போலியாகக் கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் மெட்டு அல்ல, பதிவு முறை. 1960-களின் தொடக்கத்தில் வாத்தியக்காரர்கள் ஒரே அறையில் சேர்ந்து வாசித்தார்கள். டிரம்ஸின் சத்தம் பாடகரின் மைக்கிலும் கசிந்தது. தனித்தனியாகப் பதியும் தடங்கள் மூன்று நான்குதான், எல்லாம் கலந்து ஒரே ஒலித்தடமாக, மோனோவில் வந்தன. இன்று ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாக, காதில் ஒலிக்கும் தாள கிளிக் ஓசைக்கு இம்மி பிசகாமல் வாசிக்கவைத்து, சுருதியைக் கணினியில் திருத்தினால் ஸ்வரம் சரியாக இருக்கும், அந்தக் காலத்தின் வாசம் இருக்காது. இன்னொரு சிக்கல் முடிவில் வரும். அந்நாளைய பாப் தட்டுகள் பல மெல்லத் தேய்ந்து மறையும். மேடையிலிருந்து வந்த மியூசிக்கல் பாட்டுக்கோ கைதட்டல் விழ 'டக்' என்று நிற்கும் ஒரு முடிவு வேண்டும். கடைசிச் சில நொடிகளில் பாப் பாட்டு நாடகப் பாட்டாகிவிடுவது இதனால்தான்.

வாழ்க்கையை எடுக்கும்போது அளவுகோல் மாறுகிறது. 'ட்ரீம் கேர்ள்ஸ்' 1981-இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்கு வந்தது, 2006-இல் படமானது. அதில் வரும் மூன்று பெண்கள் 1960-களின் சுப்ரீம்ஸ் பாடகியர் குழு என்பதும், இசை நிறுவன முதலாளி அவர்களின் பாடல்களை வெளியிட்ட மோட்டவுன் நிறுவனத்தின் பெர்ரி கோர்டி என்பதும் பாப் இசை தெரிந்த எவருக்கும் புரியும். திரையில் அந்த முதலாளி லஞ்சம் கொடுத்துப் பாட்டை ஓடவைக்கிறார். படத்தைக் கோர்டியின் கதையாகவும் மோட்டவுனின் கதையாகவும் மக்கள் எடுத்துக்கொண்டதற்காக, தயாரிப்பாளர்கள் 2007 பிப்ரவரியில் விளம்பரம் வெளியிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். என்னை அதிகம் உறுத்துவது வேறு. குழுவிலிருந்து நீக்கப்படும் எஃபி, படத்தில் தன் பாட்டை வெற்றியாக்கி, பிரிவுக் கச்சேரியில் தோழிகளோடு மேடையேறுகிறாள். அவளுக்கு மூலமான ஃப்ளாரன்ஸ் பலார்ட் 1967-இல் சுப்ரீம்ஸிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1970 ஜனவரியில் குழுவின் முதன்மைப் பாடகி டயானா ராஸ் விடைபெற்ற கச்சேரியில் பலார்டின் இடத்தில் சிண்டி பேர்ட்சாங் நின்றார். அரசு உதவித்தொகையில் வாழும் நிலைக்கு வந்த பலார்ட், 1976-இல் 32 வயதில் இறந்தார்.

'ஹேர்ஸ்ப்ரே'யிலும் இதே கதிதான். முடிவில் கறுப்பின, வெள்ளையின இளைஞர்கள் தொலைக்காட்சி நடன நிகழ்ச்சி ஒன்றில் ஒன்றாக ஆடுகிறார்கள். அந்த நிகழ்ச்சிக்கு மூலம் பால்டிமோரின் 'பட்டி டீன் ஷோ'. இரு இனத்தாரும் சேர்ந்து ஆடுவதை நிரந்தரமாக ஏற்க மனமில்லாமல், 1964 ஜனவரியில் அதை நிறுத்தியே விட்டார்கள்.

படம் நல்ல முடிவு தேடுவதில் தவறில்லை. அந்தப் பாடல்களை நான் விரும்பித்தான் கேட்கிறேன். ஆனால் பார்ப்பவருக்குக் கூடவே அசலும் தெரிய வேண்டும். இனி இத்தகைய படங்களுக்கு விமர்சனம் எழுதும்போது, ஓரத்தில் ஒரு சிறு கட்டம் ஒதுக்குங்கள்: கதை நடக்கும் ஆண்டு, பாட்டின் ஓசை எந்த ஆண்டுக்குரியது, மூலமான மனிதர் யார், அவருக்குக் கடைசியில் என்ன ஆனது. நான்கு வரிகள் போதும். பலார்டின் பெயர் முதலில் வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்