கேள்வித்தாள் தயாரிக்கும் மேடம்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனைகளின் நர்சிங் கல்விப் பிரிவில் இருக்கும் மேடம்களுக்கும் சார்களுக்கும்,

வணக்கம். தனியார் மருத்துவமனைகளின் இதய சிகிச்சைப் பிரிவில் 11 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மானிட்டரில் நோயாளியின் இதயத் துடிப்பைக் கவனிக்கத் தெரிகிறதா என்று நீங்கள் வைக்கும் கார்டியாக் மானிட்டரிங் காம்பிடென்சி தேர்வை ஒன்பது முறை எழுதியிருக்கிறேன். எட்டு முறை பாஸ், ஒரு முறை ஃபெயில். இடையில் மருத்துவமனை மாறினேன். கேள்வித்தாள் மட்டும் அநேகமாக அதேதான்.

தேர்வே வேண்டாம் என்று கேட்க வரவில்லை. ரிதம் (இதயம் துடிக்கும் ஒழுங்கு) பார்க்கத் தெரியாத ஒருவரை மானிட்டர் முன்னால் உட்கார வைப்பது ஆபத்து, அதில் உங்களைவிட எனக்குத்தான் பயம் அதிகம். ஏனென்றால் என் டியூட்டி முடிந்து நான் ஹேண்ட்ஓவர் கொடுப்பது அவரிடம்தான்.

தேர்வு எப்படி வருகிறது என்று பாருங்கள். ஆடிட் தேதி தெரிந்ததும் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டப்படும். பத்து நாள் அவகாசம். அதில் நான்கு நாள் நைட் டியூட்டி. போன வருடத்து விடைத்தாளின் போட்டோ அன்றே வாட்ஸாப்பில் வந்துவிடும். ஜூனியர் பிள்ளைகள் "மூன்றுக்கு சி, நான்குக்கு ஏ" என்று மனப்பாடம் செய்வதை நானே கேட்டிருக்கிறேன். சாப்பாட்டு மேசையில் ஒருத்தி ஒப்பிக்க, இன்னொருத்தி திருத்துகிறாள். எல்லாரும் பாஸ். ஃபைலில் சான்றிதழ் ஏறிவிடும், ஆடிட்டருக்கும் திருப்தி.

அந்தத் தாளில் முதல் கேள்வி, வெள்ளை நிற லீட் (நோயாளியின் உடலை மானிட்டரோடு இணைக்கும் வயர்) எங்கே ஒட்ட வேண்டும்? விடை, வலது தோள் பக்கம். இது அமெரிக்க முறைக்குச் சரி. அங்கே வெள்ளை வலது தோள், கறுப்பு இடது தோள், சிவப்பு இடது வயிறு, பச்சை வலது வயிறு, பழுப்பு நெஞ்சு. எங்கள் வார்டு மானிட்டர்களில் பாதி ஐரோப்பிய முறை. அதில் சிவப்பு வலது தோள், மஞ்சள் இடது தோள், பச்சை இடது வயிறு, கறுப்பு வலது வயிறு, வெள்ளை நெஞ்சுக்கு. புதிதாக வந்த ஒரு பெண் தேர்வுக்குப் படித்ததை அப்படியே நம்பி, ஐரோப்பிய கேபிளை அமெரிக்க முறையில் மாட்டிவிட்டாள். பழுப்பைக் காணோம், மஞ்சள் மிச்சம் இருந்தது, அதை நெஞ்சில் ஒட்டினாள். வலது தோளுக்கும் இடது வயிற்றுக்கும் இடையே பார்க்கும் லீட் 2-இல் அலை எழும்பவே இல்லை. எப்படி எழும்பும்? வலது தோள் கேபிளும் இடது வயிற்றுக் கேபிளும் இரண்டுமே வயிற்றில் கிடந்தன. திட்டு வாங்கியது அவள். தாளில் அவளுக்கு 92 மார்க்.

இன்னொன்று, அட்ரோபின். இதயத் துடிப்பு குறைந்து நோயாளி தடுமாறும்போது முதல் டோஸ் எவ்வளவு? உங்கள் விடைக்குறிப்பில் 0.5 மில்லிகிராம். அமெரிக்க இதயச் சங்கம் 2020-இலேயே அதை 1 மில்லிகிராமாக மாற்றிவிட்டது. 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பக் கொடுக்கலாம், மொத்தம் 3 மில்லிகிராம் வரை. நான் 1 என்று எழுதி மார்க்கை இழந்தேன். என் ஃபெயிலுக்கு இது காரணம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் நான் படிக்கவே இல்லை.

இவை திருத்தக்கூடிய பிழைகள். ஒரு மதியம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். என் பெரிய குறை வேறு. உங்கள் தாளில் ஸ்ட்ரிப் (இதயத் துடிப்பின் கோடு பதிந்த தாள் துண்டு) இருக்கிறது, ஆள் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். காலை ஆறு மணி, நைட் டியூட்டியின் கடைசி நேரம், கண் எரிகிறது. ஏழாம் பெட் மானிட்டர் அலறியது. அகலமான அலைகள், வேகமாக, வரிசையாக. படித்தது அப்படியே மனதில் வந்தது: வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா, சுருக்கமாக விடி (VT). இதயத்தின் கீழ் அறையிலிருந்து கிளம்பும் ஆபத்தான வேகத் துடிப்பு. அவசர மருந்துகளும் ஷாக் கருவியும் இருக்கும் கிராஷ் கார்ட்டைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். பெரியவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, வாய் நிறைய நுரையோடு பல் துலக்கிக்கொண்டிருந்தார். என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா, யாருக்கு என்ன?" என்றார். கை ஆட ஆடக் கோடும் ஆடியிருக்கிறது. அந்த ஸ்ட்ரிப்பை உங்கள் தாளில் அச்சடித்தால் நூற்றுக்கு எண்பது பேர் விடி என்றுதான் டிக் அடிப்பார்கள். அதில் தப்பும் இல்லை, தாளில் பெரியவரைக் காணோமே.

அன்று இன்சார்ஜ் சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. அந்த ஸ்ட்ரிப்பை எடுத்து மேசையில் வைத்து, அகல அலைகளுக்கு நடுவே ஒழுங்கான இடைவெளியில் எட்டிப்பார்த்த சின்னச் சின்ன கூர்முனைகளைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். பெரியவருடைய சொந்தத் துடிப்பு உள்ளே ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் கற்றது ஒன்பது தேர்வுகளிலும் கிடைக்கவில்லை.

இந்த வேலை நர்ஸ்கள் கைக்கு எப்படி வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியாததில்லை. 1960-களின் தொடக்கத்தில் மாரடைப்பு நோயாளிகளை ஒரே இடத்தில் மானிட்டரோடு வைக்கும் பிரிவுகள் தொடங்கின. பிலடெல்பியாவில் டாக்டர் லாரன்ஸ் மெல்ட்சர், டாக்டர் வரும்வரை காத்திருக்காமல் ரிதத்தைக் கண்டுபிடித்து ஷாக் கொடுக்கவே நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கட்டில் பக்கத்தில் இருக்கும் ஆள் நாம்தான் என்பதுதான் கணக்கு. அப்படியானால் தேர்வும் கட்டில் பக்கத்தில்தானே நடக்க வேண்டும்?

நான் தேர்வு வைத்தால் இப்படி வைப்பேன். ஒரு ஸ்ட்ரிப்பைக் கையில் கொடுத்து, இந்த நோயாளி வியர்த்துக் கிடக்கிறார், பிரஷர் 80, அடுத்த ஒரு நிமிடத்தில் என்ன செய்வாய், டாக்டருக்கு போன் போட்டு முதல் வாக்கியம் என்ன சொல்வாய் என்று கேட்பேன். தமிழில் கேட்பேன், தமிழில் சொல்லட்டும். தமிழ் மீடியத்தில் படித்து வந்த எத்தனையோ பேர் ரிதத்தைச் சரியாகப் பார்த்துவிட்டு, "எக்ஸெப்ட்" (தவிர) என்ற ஒரு சொல்லைக் கவனிக்காமல் மார்க்கை விடுகிறார்கள். அது ஆங்கிலத் தேர்வு, இதயத் தேர்வு இல்லை.

படிப்பதும் இப்படி மனப்பாடமாக இருக்க வேண்டியதில்லை. தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது, சின்னக் கட்டம் 0.04 நொடி, பெரிய கட்டம் 0.2 நொடி. இதைப் புரிந்துகொண்டால், நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று அறிய, இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள பெரிய கட்டங்களால் 300-ஐ வகுப்பது ஏன் என்று தானாகவே விளங்கும், ஒழுங்கில்லாத ரிதத்தில் அது ஏன் ஏமாற்றும் என்பதும் விளங்கும். அங்கே ஆறு நொடி ஸ்ட்ரிப்பில் துடிப்புகளை எண்ணிப் பத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். எல்லாரையும் குழப்பும் செகண்ட் டிகிரி ஹார்ட் பிளாக்கை (மேல் அறையின் துடிப்புச் செய்தி சில முறை கீழ் அறைக்குப் போய்ச் சேராத நிலை) எங்கள் ஜூனியர்களுக்கு நான் பஸ்ஸை வைத்துச் சொல்கிறேன். முதல் வகையில் பஸ் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதமாக வந்து, ஒரு நாள் வராமலே போகும். மேல் அறை அலைக்கும் கீழ் அறை அலைக்கும் நடுவே உள்ள பிஆர் இடைவெளி நீண்டுகொண்டே போய், ஒரு க்யூஆர்எஸ் (கீழ் அறை அலை) விழாது. இரண்டாம் வகையில் பஸ் தினமும் சரியான நேரத்துக்கு வரும், திடீரென்று ஒரு நாள் வராது. எது பயம்? சிரித்துக்கொண்டே "இரண்டாவது" என்பார்கள். ஆமாம், சொல்லாமல் முழு பிளாக்குக்குப் போவது அதுதான். அட்ரோபின் அங்கே கைகொடுக்காமல் போகலாம், வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து இதயத்தைத் துடிக்க வைக்கும் பேசிங் பேட் பக்கத்தில் இருக்க வேண்டும். இதை ஒரு முறை சிரித்துக் கேட்டவர்கள் மறப்பதில்லை.

அப்புறம் அலாரம். ஒன்பது தாள்களில் அலாரம் பற்றி ஒரு கேள்விகூட வந்ததில்லை. எங்கள் டியூட்டியில் பாதி நேரம் போவது அதோடுதான். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் ஜாயின்ட் கமிஷன் 2013-இல் விட்ட எச்சரிக்கையில், அலாரங்களில் 85 முதல் 99 சதவீதம் வரை எந்தச் சிகிச்சையும் தேவைப்படாதவை என்று சொல்லியிருந்தது. காது பழகிவிடுகிறது, அதுதான் பயம். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், லீட் மாட்ட உடம்பில் ஒட்டும் எலக்ட்ரோடை தினமும் மாற்றிப் பார்த்தார்கள்; ஒரு பெட்டுக்கான அலாரம் 46 சதவீதம் குறைந்தது. நம் ஊரில் வியர்வை, நெஞ்சில் தேய்த்த எண்ணெய், குளித்ததும் போட்ட பவுடர். எலக்ட்ரோடு ஒட்டுவதே பெரிய பாடு. தோலைத் துடைத்து, காயவிட்டு, முடி இருந்தால் எடுத்துவிட்டு ஒட்டத் தெரிகிறதா, நாள்பட்ட ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேல் அறை ஒழுங்கில்லாமல் துடிப்பது) இருப்பவருக்கு டாக்டரிடம் கேட்டு அலாரம் அளவை மாற்றத் தெரிகிறதா என்று பாருங்கள். தினமும் எலக்ட்ரோடு மாற்றினால் பில்லில் ஏறுகிறதே என்று நோயாளியோடு இருக்கும் அட்டெண்டர் கேட்கும்போது என்ன பதில் சொல்வது என்றும் சொல்லிக்கொடுங்கள். அது எனக்கே இன்னும் சரியாக வரவில்லை.

தேதியை ஆடிட்டோடு முடிச்சுப் போடாதீர்கள். ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள். நைட் முடித்து வந்தவளைக் காலை ஒன்பது மணிக்கு உட்கார வைக்காதீர்கள். ஃபெயில் ஆனவர்கள் பெயரை வார்டு குரூப்பில் போடாதீர்கள். என் பெயர் ஒரு வாரம் கிடந்தது.

கேள்விகளுக்கு ஸ்ட்ரிப் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். எங்கள் வார்டில் ஓடியவற்றில் பெயரும் ஐபி நம்பரும் கிழித்துப் போட்டு, இன்சார்ஜ் அனுமதியோடு ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன். நாற்பதுக்கு மேல் இருக்கும், பல் துலக்கியதும் உண்டு. ஒவ்வொன்றின் பின்னாலும் அப்போது நோயாளி எப்படி இருந்தார் என்று பென்சிலில் எழுதியிருக்கிறேன். கேட்டால் தருகிறேன். தெர்மல் பேப்பர் என்பதால் பழையவை மங்கத் தொடங்கிவிட்டன, ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். கொஞ்சம் சீக்கிரம் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்