14416-இல் ஐந்து வாரப் பாடம் ஒன்று வேண்டும்

மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், 14416 மனநல உதவி எண்ணை நடத்துபவர்களுக்கும்,

வணக்கம். நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர். கூட்டத்தில் சேமிப்பு, கடன் வரவு எல்லாம் எழுதி முடித்த பிறகும் யாராவது ஒருத்தி எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பாள். மற்றவர்கள் கிளம்பியதும் “அக்கா, ஒரு விஷயம்” என்று ஆரம்பிப்பாள். மாமியார் பக்கவாதத்தில் படுத்துவிட்டார், ராத்திரித் தூக்கமே இல்லை. பையன் பிளஸ் டூ, போனைக் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறான். வீட்டுக்காரர் கூலியில் பாதியை டாஸ்மாக்கில் விட்டுவிட்டு வருகிறார், தவணை வாங்க ஆள் வந்து வாசலில் நிற்கிறார். இவர்களில் பெரும்பாலானோருக்கு மாத்திரை தேவையில்லை. ஆனால் நாளுக்கு நாள் தேய்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

2022 அக்டோபரில் மத்திய அரசு டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவித் திட்டத்தைத் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் அது ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் வந்தது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். எவ்வளவு பெரிய காரியம் இது! தற்கொலை எண்ணத்தோடு அழைப்பவருக்கு அந்த எண் முதலில் உதவ வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. எங்கள் மாவட்டத்துக்குத் தொலைவிலிருந்து வரும் மனநல மருத்துவமும் புதிதல்ல. சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் 2010 வாக்கில் இங்கே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கியது. டாக்டர் சென்னையிலிருந்து திரையில் பேசுவார், மருந்தை வண்டியிலேயே கொடுப்பார்கள்.

நான் கேட்பது இவற்றுக்கு முந்தைய கட்டத்துக்கான உதவி. நெருக்கடி வரும்வரை காத்திருக்காமல், அன்றாடக் குடும்ப வாழ்க்கையைச் சமாளிக்கும் திறன்களைப் போன் வழியாகக் கற்றுக்கொடுங்கள். வாரம் ஒரு முறை, ஐந்து வாரம், ஒரே ஆலோசகர். ஒரு தடவை பேசினால் மனப்பாரம் இறங்கும், சரி. மறுநாள் காலை அதே வீடு, அதே சண்டை. அப்போது என்ன செய்வது என்பது பழகிப் பழகித்தான் கைவரும். ஒருத்தி இந்த வாரம் முயன்று பார்த்து, “அது சரிப்படவில்லை” என்று அடுத்த வாரம் வந்து சொல்ல வேண்டும். அதைக் கேட்க, முதல் வாரக் கதை தெரிந்த அதே ஆள் இருக்க வேண்டும்.

இதற்குப் பாடத்திட்டம் புதிதாக எழுத வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் ‘பிராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ்’ என்ற கையேட்டை வெளியிட்டிருக்கிறது. அதுவும் ஐந்து சந்திப்புகள்தான். நடத்துபவர் மனநல நிபுணராக இருக்க வேண்டும் என்பதில்லை, முறையான பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தால் போதும். பெஷாவரிலும் நைரோபியிலும் சோதித்துப் பார்த்து, பலன் உண்டு என்று கண்டிருக்கிறார்கள். நிதானமாக மூச்சு விடுவது, பிரச்சினைகளைப் பிரிப்பது, கைவிட்ட வேலைகளை மெல்லத் திரும்பத் தொடங்குவது, பக்கத்தில் இருப்பவர்களிடம் உதவி கேட்பது, பிறகு தவறிப்போனால் மறுபடி எழுவது என்று போகிறது அந்தப் பாடம்.

இதில் பிரச்சினைகளைப் பிரிப்பதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. நோட்டில் மூன்று பத்தி போட வேண்டும்: நம்மால் ஏதாவது செய்ய முடிந்தவை, முடியாதவை, இப்போதைக்குத் தள்ளிவைக்கக்கூடியவை. மாமியார் படுத்துவிட்டது நம் கையில் இல்லை. ஆனால் ஏழு ராத்திரியும் மருமகள் ஒருத்தியே விழித்திருப்பது மாற்றக்கூடியது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும் என்பது பல வீடுகளுக்குத் தெரியாது. அதைக் கேட்டுப் பெறுவதும் மாற்றக்கூடியதில்தான் சேரும். அப்புறம் நாத்தனாரிடம் கேட்க வேண்டும். “யாருமே கண்டுக்க மாட்டேங்கறீங்க” என்று தொடங்கினால் சண்டையில்தான் முடியும். “அண்ணி, சனிக்கிழமை ராத்திரி மட்டும் வந்து அத்தையைப் பார்த்துக்கங்க, நான் ஒரு நாள் தூங்கணும்” என்பது வேறு. எந்த நாள், எவ்வளவு நேரம், என்ன வேலை, எல்லாம் அதில் இருக்கிறது. ‘சரி’ என்றோ ‘முடியாது’ என்றோ அவர் பதில் சொல்லியாக வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை ஆலோசகரோடு போனில் இரண்டு மூன்று முறை சொல்லிப் பழகிவிட்டுப் போனால் வாய் திக்காது.

பையனிடம் கத்தி ஓய்ந்த தாய்க்கும் இப்படி ஒன்று உண்டு. கோபம் தலைக்கேறியதும், “இப்ப வேணாம், அரை மணி கழிச்சுப் பேசலாம்” என்று நேரம் சொல்லி விலகுவது. சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்து பேசுவதும் அதன் பாதி. இல்லாவிட்டால் அம்மா மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனதாகத்தான் பையன் எடுத்துக்கொள்வான்.

ஆண்களையும் சேர்க்க வேண்டும். குடிப்பவரின் மனைவிக்கு மட்டும் பாடம் நடத்தி என்ன பயன்? கோவாவில் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள், அதிகமாகக் குடிக்கும் ஆண்களோடு ஒன்று முதல் நான்கு முறை உட்கார்ந்து பேசியதில் பலர் குடியைக் கட்டுக்குள் கொண்டுவந்ததை 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. நான்கு முறை பேசுவது அரசுக்குப் பெரிய செலவாகாது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். இந்தப் பாடம், பெண்ணைப் பார்த்து “பொறுத்துப் போம்மா” என்று சொல்வதற்கான இன்னொரு வழியாகிவிடக் கூடாது. அதை ஊரே சொல்கிறது, அதற்கு ஓர் உதவி எண் தேவையில்லை. முதல் அழைப்பிலேயே, பக்கத்தில் ஆள் இருந்தாலும் ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய மாதிரி கேளுங்கள்: வீட்டில் அடி உண்டா, உயிருக்குப் பயம் உண்டா? உண்டு என்றால் மூச்சுப் பயிற்சி அப்புறம். முதலில் 181 பெண்கள் உதவி எண், ஒருங்கிணைந்த சேவை மையம், 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் அவளுக்கு இருக்கும் பாதுகாப்பு.

அடுத்தது இடமும் நேரமும். எங்கள் பக்கம் பல வீடுகளில் ஓர் அறைதான், நல்ல போன் ஒன்றுதான், அதுவும் பையன் கையில். 2024-இல் டெலி மானஸ் செயலி வந்தது நல்லதுதான். ஆனால் இவர்களுக்குச் சாதாரண அழைப்பே போதும், வீடியோகூட வேண்டாம். அழைக்கும் நேரத்தை அவள் சொல்லட்டும். எடுத்தவர் வேறு ஆள் என்றால் என்ன பேசுவது என்று முன்கூட்டியே முடிவாகியிருக்கட்டும். பல ஊராட்சிகளில் கிராம சேவை மையக் கட்டடம் இருக்கிறது. அங்கே ஓர் அறை, ஒரு போன், மதியம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், வீட்டில் பேச முடியாதவள் அங்கே வந்து பேசிவிட்டுப் போவாள்.

சாதாரணக் குடும்பப் பெண்களுக்கு அரசாங்கம் இதையெல்லாமா கற்றுக்கொடுக்கும் என்று யாராவது கேட்கலாம். 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எங்கள் மாவட்டப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. வயல் வேலைக்கும் கல் குவாரிக்கும் போன பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டிப் பழகினார்கள். கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் பக்கத்து ஊருக்குப் போக, தண்ணீர் கொண்டுவர, பிள்ளையைப் பள்ளியில் விட ஒருவரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்றாகிவிட்டது. ஒரு திறனைக் கற்றுக்கொடுத்தால் வீட்டுக்குள் என்ன மாறும் என்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

முதலில் ஓர் ஒன்றியத்தில் ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். அது எங்கள் ஒன்றியமாகவே இருக்கட்டும். மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர்களிலும் மகளிர் குழுக்களிலும் விருப்பம் உள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள், மேற்பார்வைக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர் இருக்கட்டும். பயிற்சி பெற்றுப் பேசுபவர்களுக்கு மதிப்பூதியம் உண்டு என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள், சேவை மனப்பான்மை என்று சொல்லிப் பெண்களின் நேரத்தை இலவசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அறைக்கும் நேரத்துக்கும் ஊராட்சியிடம் நாங்கள் பேசுகிறோம். எந்தெந்தத் தெருவில் யார் யாருக்கு இது தேவை என்று எங்களுக்குத் தெரியும், அவர்கள் சம்மதத்தோடு கூட்டிவருவதும் எங்கள் பொறுப்பு. பதிலை ஒன்றிய மகளிர் திட்ட அலுவலகத்துக்கு அனுப்பினால் எங்கள் குழுக்களுக்கு வந்து சேரும்.

இப்படிக்கு,
மகளிர் குழு ஊக்குநர் ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்